ஒரு மலைப்பாதை எத்தனை பேரைத் தாங்கும்?

2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு அது. அடுத்த ஆண்டு கோடைக்கு நீதிமன்றம் வண்டிகளின் எண்ணிக்கைக்கே வரம்பு கட்டியது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிகளுக்கும் பேருந்துகளுக்கும் விலக்கு. மலையூர்களின் தாங்குதிறனை ஆய்ந்து சொல்லும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மிடமும் போனது.

இந்த எண்கள் வந்ததும் மலையில் வாதம் கிளம்பியது. வணிகர்கள் எதிர்த்தார்கள், இயற்கை ஆர்வலர்கள் இன்னும் குறைக்கச் சொன்னார்கள். ஓர் இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்று கணக்கிடுவது எப்படி என்பதை மட்டும் அதிகம் பேர் கேட்கவில்லை. சுற்றுலா மேலாண்மையிலோ விருந்தோம்பல் மேலாண்மையிலோ முதுகலை படிக்கும் ஒருவர் தம் ஆய்வேட்டுக்காகவே இதைச் செய்துவிடலாம். அளவு நாடா, கைக்கடிகாரம், நோட்டு, இரண்டு நண்பர்கள் இருந்தால் போதும். கடைசிப் பருவத்தில் பலர் கேள்வித்தாளை அச்சடித்து, நூறு பயணிகளிடம் ‘திருப்தியா?’ என்று கேட்டு, சதவீதம் போட்டு ஆய்வேட்டைக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த உழைப்பால் எந்த ஊருக்கும் பயனில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. தாங்குதிறன் ஆய்வு அப்படியல்ல. முடித்த மறுநாளே நுழைவுச்சீட்டு கொடுப்பவரின் மேசையில் வைக்கலாம்.

இங்கே சொல்லப்போகும் முறையை உருவாக்கியவர் மிகேல் சிஃபுவென்டெஸ். கலாபகோஸ் தேசியப் பூங்காவை நிர்வகித்த அனுபவம் உள்ளவர். கோஸ்டா ரிக்காவின் துரியால்பாவில் இயங்கும் காட்டியே (CATIE) என்ற ஆய்வு மையத்தின் வழியாக 1992இல் இதை வெளியிட்டார். பிறகு தம் குழுவோடு குவாயாபோ என்ற தொல்லியல் தளத்தில் இதையே செய்துகாட்டி 1999இல் அறிக்கை தந்தார். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படாததால், பணமில்லாத நாடுகளின் காடுகளிலும் கடற்கரைகளிலும் இந்த முறை பரவியது.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘கொடைக்கானலின் தாங்குதிறன்’ என்று தலைப்பு வைத்தால் தனியாளால் முடியாது. ஒரே ஒரு பாதையை எடுங்கள். உள்ளே போகிறவரையும் வெளியே வருகிறவரையும் ஓரிடத்தில் நின்று எண்ண முடிகிற பாதையாக அது இருக்க வேண்டும். கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சாலை ஓடுகிறது. எந்தப் பக்கத்திலிருந்தும் ஆள் நுழையலாம், எண்ணவே முடியாது. சரிவின் விளிம்பையொட்டி ஓடும் கோக்கர்ஸ் வாக் போன்ற நடைபாதை, சீட்டு கொடுத்து அனுப்பும் காட்சி முனை, வனத்துறை வாயில் வைத்திருக்கும் சோலைப் பாதை ஆகியவை ஏற்றவை. ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படம் 2024இல் வந்தபின் குணா குகைக்குக் கூட்டம் திரண்டது. அப்படித் திடீரென்று கூட்டம் ஏறிய இடத்தையும் எடுக்கலாம். ஆனால் கூட்டம் ஏறிய ஆண்டின் எண்ணிக்கையை வழக்கமான ஆண்டின் எண்ணிக்கை என்று எழுதிவிடக்கூடாது.

இடம் முடிவானதும் அது யாருடையது என்று பாருங்கள். நகராட்சிக்கு உரியதென்றால் ஆணையரிடமும், காப்புக்காடென்றால் மாவட்ட வன அலுவலரிடமும் துறைத்தலைவரின் கடிதத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். வனத்துறை அனுமதிக்கு நாளாகும் என்பதால் சீசனுக்கு வெகு முன்பே தொடங்குவது நல்லது. கடிதத்தில் என்ன கேட்கிறீர்கள் என்பதோடு என்ன தருவீர்கள் என்பதையும் எழுதுங்கள். மணிவாரி நுழைவுக் கணக்கு ஒன்றை இலவசமாகத் தருகிறேன் என்றால் வேண்டாமென்று சொல்லும் அலுவலகம் குறைவு.

இதற்கு அடுத்த படியைத்தான் மாணவர்கள் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். எண்ணத் தொடங்குவதற்கு முன், அந்த இடத்தில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும். கூட்டத்தால் மண் கரைகிறதா, பறவை கூடு கட்டுவது கெடுகிறதா, வந்தவர் பள்ளத்தாக்கைப் பார்க்காமல் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாரா, ஊர்ப்பிள்ளைகள் பள்ளி முடிந்து வீடு போக ஒரு மணி நேரம் நெரிசலில் கிடக்கிறார்களா? ஒவ்வொன்றுக்கும் அளக்கக்கூடிய ஓர் அடையாளம் வையுங்கள். பாதையின் ஓரத்தில் புல் தேய்ந்து வெறும் மண் தெரியும் அகலம், பத்து மீட்டருக்கு எத்தனை பிளாஸ்டிக் உறை, தடுப்புக் கம்பி அருகே இடம் கிடைக்கக் காத்திருக்கும் நிமிடங்கள் என்று. எத்தனை பேர் என்று கேட்பதைவிட எவ்வளவு மாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று கேட்பதே சரி என்று அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் 1985இல் ஒரு தனி வழிமுறையே வகுத்தார்கள். மெக்கூல், லைம் என்ற இரு ஆய்வாளர்கள் 2001இல் எழுதிய கட்டுரையில் தாங்குதிறன் என்ற ஒற்றை எண்ணே ஆசைகாட்டும் கற்பனையோ என்று வினவினார்கள். இந்த மறுப்புகளை ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பத்தியாக அடைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். உங்கள் எண் எதைக் காப்பதற்கான எண் என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வைப்பவை அவைதாம்.

அடுத்தது பாதையை அளப்பது. காலையில் கூட்டம் வருமுன் இறங்குங்கள். பாதை முழுவதையும் 20 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் அகலம், சரிவு, தரையின் தன்மை, மண் அரிப்பு ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். சரிவை அளக்கக் கைபேசியில் உள்ள சாய்வுமானி போதும். 10 சதவீதத்துக்குக் கீழே சரிவென்றால் சிக்கலில்லை. 10 முதல் 20 வரை நடுத்தரம். 20க்கு மேல் கடினம். அரிப்பையும் இப்படியே மூன்று தரமாகப் பிரியுங்கள். மழை பெய்த மறுநாள் ஒருமுறை மீண்டும் நடந்து பாருங்கள். வெயிலில் உறுதியாகத் தெரிந்த துண்டு அன்று சேறாக இருக்கும்.

பிறகு எண்ணுதல். ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஏப்ரல், மே சீசனின் ஒரு சனிக்கிழமையும் ஒரு செவ்வாய்க்கிழமையும், சீசன் அல்லாத மாதத்தில் அதேபோல இரண்டு நாட்களும், பூஜை விடுமுறை போன்ற தொடர் விடுமுறையில் ஒரு நாளும் குறைந்தபட்சம் வேண்டும். வாயில் திறப்பதிலிருந்து மூடும்வரை, 15 நிமிடத்துக்கு ஒரு கட்டமாக, நுழைகிறவரை ஒருவரும் வெளியேறுகிறவரை இன்னொருவரும் குறிக்க வேண்டும். நான்கு கோடு, குறுக்கே ஐந்தாவது கோடு என்ற பழைய முறையே நம்பகமானது. நுழைந்தவரிலிருந்து வெளியேறியவரைக் கழித்துக்கொண்டே வந்தால் அந்தந்த நேரத்தில் உள்ளே எத்தனை பேர் என்று தெரியும். சீட்டு விற்பனைக் கணக்கு இதைச் சொல்லாது. கைக்குழந்தைக்குச் சீட்டில்லை, சீட்டு வாங்கிவிட்டு வாயிலருகே மக்காச்சோளம் தின்றுகொண்டு நிற்பவரும் உண்டு.

ஒருவர் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறார் என்பதையும் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு பத்தாவது குழுவின் கையிலும் நேரம் எழுதிய துண்டுச்சீட்டு ஒன்றைக் கொடுத்து, வெளியே வரும்போது வாங்கிக்கொள்வது எளிய வழி. பெயரோ எண்ணோ கேட்க வேண்டியதில்லை, முகத்தைப் படமெடுக்கவும் தேவையில்லை. கொடைக்கானலில் இதைச் செய்கிறவர் மூடுபனியைத் தனி வரிசையில் குறித்தே ஆக வேண்டும். பனி இறங்கிவிட்டால் பள்ளத்தாக்கு தெரியாது. வந்தவர்கள் பனி விலகும்வரை காத்திருக்கிறார்கள், தங்கும் நேரம் நீள்கிறது. வாயிலில் நுழைவு குறையாதபோது உள்ளே நெரிசல் ஏறுகிறது. வந்தவர் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு அந்தப் பிற்பகல் சாதாரணமாகத் தெரியும். அங்கே நின்றவருக்குத்தான் என்ன நடந்தது என்று தெரியும்.

இனிக் கணக்கு. புரிவதற்காக 600 மீட்டர் நீளமுள்ள ஒரு பாதையைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். தினமும் 8 மணி நேரம் திறந்திருக்கிறது, சுற்றிப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகிறது. ஒருவர் நின்று நகர ஒரு மீட்டர் வேண்டும் என்று கொண்டால், ஒரே நேரத்தில் 600 பேர். நாளில் எட்டுச் சுற்று நடக்கலாம். ஆக 4,800. இது இடத் தாங்குதிறன், அதாவது பாதையில் எத்தனை உடல்களை நிறுத்த முடியும் என்ற அளவு. இந்த எண்ணைக் காட்டி ‘இன்னும் இடமிருக்கிறதே’ என்று வாதிடுவோர் உண்டு.

இதிலிருந்து திருத்தக் காரணிகளால் குறைத்துக்கொண்டே வர வேண்டும். முதலாவது, மனிதர் ஒருவருக்கொருவர் தரும் இடையூறு. பத்துப் பேர் கொண்ட குழுக்களாக அனுப்பி, குழுவுக்குக் குழு 50 மீட்டர் இடைவெளி விடுவதாக வைத்தால், ஒரு குழுவுக்கு 60 மீட்டர் ஆகிறது. 600 மீட்டரில் பத்துக் குழு, நூறு பேர். 600 பேருக்குப் பதில் 100 பேர் என்பதால் காரணி 0.167. இரண்டாவது மழை. ஆண்டுக்கு 2,920 மணி நேரம் பாதை திறந்திருக்கிறது. மழைக்காலத்தையொட்டி 120 நாட்கள், நாளுக்கு 3 மணி நேரம் நடக்க முடியாமல் போகிறதென்றால் 360 மணி நேரம் இழப்பு, காரணி 0.877. மூன்றாவது மண் அரிப்பு. கடுமையாக அரிக்கும் 40 மீட்டரை ஒன்றரையாலும் நடுத்தரமாக அரிக்கும் 60 மீட்டரை ஒன்றாலும் பெருக்கிக் கூட்டினால் 120. அது 600இல் ஐந்தில் ஒரு பங்கு, ஆகவே காரணி 0.8. சரிவுக்கும் இதே கணக்குதான். 80 மீட்டர் கடினம், 60 மீட்டர் நடுத்தரம் என்றால் காரணி 0.7. பறவைகள் கூடு கட்டும் காலத்தில் பாதையை மூடுவதானால் அந்த மாதங்களை 12ஆல் வகுத்து இன்னொரு காரணி சேரும். நம் பாதையில் அதை விட்டுவிடுவோம்.

எல்லாவற்றையும் பெருக்கினால் 4,800 என்பது 393 ஆகிறது. இது மெய்த் தாங்குதிறன்.

அதோடு முடியவில்லை. அந்த 393 பேரைக் கவனிக்க ஆட்களும் வசதிகளும் உண்டா? சிஃபுவென்டெஸின் முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் படிதான். ஆட்கள், கட்டுமானம், கருவிகள் என்று மூன்று தலைப்பில் இருப்பதையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் போதுமான எண்ணிக்கை உண்டா, நல்ல நிலையில் இருக்கிறதா, சரியான இடத்தில் இருக்கிறதா, உண்மையில் பயன்படுகிறதா என்ற நான்கு கேள்விக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போட வேண்டும். கழிவறை இருக்கிறது, தண்ணீர் வரவில்லை என்றால் எண்ணிக்கைக்கு 4, பயனுக்கு 0. குப்பைத்தொட்டி வாயிலில் மட்டும் இருந்து பாதையின் நடுவில் இல்லையென்றால் இடத்துக்கான மதிப்பெண் குறையும். தடுப்புக் கம்பி, முதலுதவிப் பெட்டி, குடிநீர், காவலர், தூய்மைப் பணியாளர் எல்லாவற்றையும் நேரில் பார்த்துப் போடுங்கள். அலுவலகப் பதிவேட்டில் ஆறு பணியாளர் என்று இருக்கும், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் இரண்டு பேர்தான் நிற்பார்கள். எத்தனை பேர் நிற்கிறார்களோ அதற்குத்தான் மதிப்பெண்.

மேலாண்மைக்கான இந்த மதிப்பெண் மொத்தம் 55 சதவீதம் வந்ததாகக் கொள்வோம். 393 என்பது 216 ஆகிவிடும். இது நடைமுறைத் தாங்குதிறன். எட்டுச் சுற்றால் வகுத்தால் ஒரே நேரத்தில் 27 பேர். நுழைவுச்சீட்டு கொடுப்பவருக்குத் தேவையான எண் இந்த 27தான். நாள் கணக்கை மட்டும் கொடுத்தால் காலை பதினோரு மணிக்கே 216 பேரும் உள்ளே போய்விடுவார்கள்.

நாள் கணக்கும் நேரக் கணக்கும் வேறு என்பதைப் பிலிப்பைன்ஸ் அரசு போராக்காய் தீவில் தெளிவாகக் காட்டியது. 2018 ஏப்ரலில் தீவைச் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடி, ஆறு மாதம் கழித்துத் திறந்தபோது தீவில் ஒரே சமயத்தில் இருக்கக்கூடிய பயணிகள் 19,215 என்றும், ஒரு நாளில் புதிதாக வரக்கூடியவர் 6,405 என்றும் அறிவித்தார்கள். 6,405ஐ மூன்றால் பெருக்கினால் 19,215. ஒருவர் மூன்று நாள் தங்குவார் என்ற கணிப்பு அதற்குள் இருக்கிறது. உங்கள் எண்ணுக்குள் இருக்கும் கணிப்புகளையும் இப்படி வெளியில் தெரியும்படி வைக்க வேண்டும்.

நம் கணக்கில் 50 மீட்டர் இடைவெளி என்பது இயற்கை விதியல்ல, நாம் எடுத்த முடிவு. அதை 25 ஆக்கிப் பாருங்கள். பதினேழு குழு, 170 பேர். மற்ற எதையும் தொடாமலே கடைசி எண் 367 ஆகிறது. 50 மீட்டரையே வைத்துக்கொண்டு மேலாண்மையை 55 சதவீதத்திலிருந்து 80க்கு உயர்த்தினால் 314. இந்த இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துக் காட்டுவது ஆய்வேட்டின் மிக முக்கியமான பக்கம் என்பேன். முதலாவதில் கூடுதலாக வரும் 151 பேரை வந்தவர்களின் அமைதியை எடுத்துச் சேர்க்கிறோம். இரண்டாவதில் கூடும் 98 பேருக்குத் தண்ணீர் வரும் கழிவறையும் நாள் முழுதும் நிற்கும் காவலரும் கிடைக்கிறார்கள். வரம்பைத் தளர்த்தச் சொல்லும் வணிகரிடமும் இறுக்கச் சொல்லும் ஆர்வலரிடமும் இந்தப் பக்கத்தைக் கொண்டுபோகலாம்.

விருந்தோம்பல் மேலாண்மை படிக்கிறவருக்கு இன்னொரு பாதி வேலை இருக்கிறது. பாதைக்கு வந்தவர் இரவு எங்கோ தங்குகிறார். மலையூரில் பாதை நிரம்புவதற்கு முன்பே தண்ணீர் தீர்ந்துவிடலாம். சம்மதிக்கும் சில விடுதிகளில், ஒரு காட்டேஜ், ஒரு நடுத்தர லாட்ஜ், ஒரு பெரிய ஹோட்டல் என்று கலந்து, ஒரு வாரம் தண்ணீர்க் கணக்கு எடுங்கள். மீட்டர் இருந்தால் தினமும் ஒரே நேரத்தில் அளவெடுக்கலாம். இல்லையென்றால் மேல்தொட்டிக்குத் தண்ணீர் விழும் குழாயில் 20 லிட்டர் வாளியைப் பிடித்து எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். பத்து நொடியென்றால் மணிக்கு 7,200 லிட்டர். மோட்டார் ஓடிய நேரத்தால் பெருக்க வேண்டியதுதான். டேங்கர் லாரியில் வந்த லோடுகளைத் தனியே சேர்க்க வேண்டும். கிடைத்ததை அன்று ஆள் தங்கிய அறைகளால் வகுக்கவேண்டுமே தவிர மொத்த அறைகளால் அல்ல. உலக ஹோட்டல் குழுமங்கள் சேர்ந்து 2016இல் கொண்டுவந்த தண்ணீர் அளவை முறையும், ஆள் தங்கிய அறையைத்தான் அலகாகக் கொள்கிறது. படுக்கை விரிப்புகளைச் சலவைக்குக் கீழே சமவெளிக்கு அனுப்பும் விடுதியின் கணக்கு குறைவாகத் தெரியும். அந்தத் தண்ணீர் வேறோர் ஊரில் செலவாகிறது என்பதையும் எழுதுங்கள். ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களிடம் பேசாமல் இந்தப் பகுதியை முடிக்காதீர்கள். எந்த அறையில் குழாய் ஒழுகுகிறது, விருந்தினர் ஒரே நாளில் எத்தனை துண்டு கேட்கிறார்கள் என்பது மேலாளருக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.

ஊராரிடமும் கேட்க வேண்டும். வாடகை வண்டி ஓட்டுநர், குதிரைக்காரர், பழக்கடைக்காரர் ஆகியோருக்குக் கூட்டமே சோறு. நெரிசலில் ஆம்புலன்ஸ் சிக்குவதைப் பார்க்கிற குடும்பங்களுக்கு அதே கூட்டம் பயம். இரு தரப்பையும் சம எண்ணிக்கையில் சந்தியுங்கள். சுற்றுலா வளரவளர ஊராரின் மனம் வரவேற்பிலிருந்து அலட்சியத்துக்கும், எரிச்சலுக்கும், கடைசியில் பகைக்கும் போகிறது என்று டாக்ஸி (Doxey) என்ற ஆய்வாளர் 1975இல் ஒரு படிவரிசை சொன்னார். ஓர் ஊரே ஒரே படியில் நிற்பதில்லை. யார் எந்தப் படியில் நிற்கிறார், அவர் வருமானத்தில் எவ்வளவு சுற்றுலாவிலிருந்து வருகிறது என்று இரண்டையும் சேர்த்துக் குறித்தால் நிஜம் தெரியும்.

எழுதும்போது, ‘இப்பாதையின் தாங்குதிறன் 216’ என்று ஒற்றை வரியாக எழுதாதீர்கள். எந்த மாதங்களில் எண்ணியது, எத்தனை மீட்டர் இடைவெளி வைத்தது, மேலாண்மை எந்த நிலையில் இருந்தபோது என்று அதே வரியிலேயே சேருங்கள். வாய்மொழித் தேர்வில் ‘ஏன் 50 மீட்டர்?’ என்றுதான் முதல் கேள்வி வரும். பாதையில் எந்த வளைவில் முன்னால் போகும் குழுவின் சத்தம் கேட்காமல் போகிறது என்று நடந்து அளந்திருந்தால், அந்த அளவே உங்கள் பதில்.

கடைசியாக மூன்று பிரதிகள். ஒன்று துறைக்கு. அனுமதி தந்த அலுவலகத்துக்குத் தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம்: மணிக்கு எத்தனை பேர், எந்தக் கழிவறையைச் சரிசெய்தால் எத்தனை பேர் கூடுதலாக வரலாம், எந்த 40 மீட்டரில் முதலில் கல் பாவ வேண்டும். மூன்றாவது, கோடு கோடாகக் குறித்த அந்த எண்ணிக்கைத் தாள்கள் முழுவதும், நின்ற இடத்தின் வரைபடத்தோடு, துறை நூலகத்துக்கு. அடுத்த ஆண்டு வரும் மாணவர் அதே வாயிலில், அதே மே மாதச் சனிக்கிழமையில் நின்று எண்ணினால்தான் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியும்.